பன்னிரண்டாவது வரி

மார்ச் 6

தம்பிக்கு,

போனில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் நீ கத்துகிறாய், நான்காவது நிமிடத்தில் நான் வைத்துவிடுகிறேன். மெசேஜ் அனுப்பினால் கட்டைவிரல் படம் ஒன்று பதிலாக வருகிறது. அதனால் தாளில் எழுதுகிறேன். நீயும் தாளிலேயே எழுது.

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு இப்படி ஞாபகம் இல்லையே என்று பிறகு நீ சொல்லக்கூடாது. பிப்ரவரி 2ஆம் தேதி அப்பாவின் பெருங்குடலில் கட்டி இருந்த பகுதியை வெட்டி எடுத்து, இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்தார்கள். நான்காம் நாள் எழுந்து நடந்தார். விடைத்தாள் திருத்தும் வேலை இருந்ததால் நான் கிளம்பினேன். ஆறாம் நாள் காய்ச்சல், வயிறு பலகை மாதிரி இறுகிவிட்டது என்று நீ போன் செய்தாய். தைத்த இடம் கசிந்திருந்தது. மறுபடி வயிற்றைத் திறந்து கழுவி, குடலின் முனையை வயிற்றுக்கு வெளியே கொண்டுவந்து பை மாட்டினார்கள். அதன் பிறகு ஒன்பது நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார்.

இதற்கு அந்த சர்ஜன் சொன்ன விளக்கம் மொத்தம் நான்கு வார்த்தை: "சில சமயம் இப்படி ஆகும்." வராந்தாவில் நடந்துகொண்டே சொன்னார்.

எந்தச் சமயம், யாருக்கு என்று ஒரு வாரம் உட்கார்ந்து படித்தேன். புகைப்பவர்கள், ரத்தத்தில் புரதம் குறைந்து மெலிந்தவர்கள், சோகை பிடித்தவர்கள், சர்க்கரை கட்டுப்படாதவர்கள், ஸ்டீராய்டு மாத்திரையை நெடுநாள் விழுங்குகிறவர்கள், அவசரமாக ஆபரேஷன் செய்யப்பட்டவர்கள். அப்பா ஆண், வயது எழுபத்தொன்று. இந்த இரண்டையும் யாராலும் மாற்ற முடியாது. மற்றபடி சிகரெட்டை விட்டு ஆறு வருடம், சர்க்கரை கட்டுக்குள், ஸ்டீராய்டை இரண்டு வருடத்துக்கு முன்பே நான் நிறுத்தியாயிற்று. தேதி குறித்து நிதானமாகச் செய்த ஆபரேஷன். அப்படியென்றால் தையல் ஏன் விட்டது? தைத்தவரைத்தான் கேட்க வேண்டும்.

ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கு எழுதிய புகார் இத்துடன் இருக்கிறது. சம்மதப் படிவத்தில் நீதான் கையெழுத்திட்டாய் என்பதால் உன் கையெழுத்து வேண்டும். குறித்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன்.

அக்கா

மார்ச் 15

அக்காவுக்கு,

எனக்கு உன்னை மாதிரி எழுத வராது. பேசற மாதிரிதான் வரும். சிவப்புப் பேனாவால திருத்தித் திருப்பி அனுப்பிடாதே.

அப்பா பரவாயில்லை. ரெண்டு கிலோ ஏறியிருக்கார். பை மாத்த இப்ப நல்லாப் பழகிட்டேன். ஆஸ்பத்திரியில ஒரு நர்ஸ் ரெண்டு தடவை காட்டினாங்க, மூணாவது தடவை நானே அளவெடுத்து ஓட்டை வெட்டினேன். வாஷர் வெட்டற மாதிரிதான். "நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?"ன்னு கேட்டாங்க. மோட்டார் காயில் கட்டறவன்னு சொன்னேன். "அதான் கை நடுங்கல"ன்னாங்க. நாப்பத்திமூணு வயசுல முதல் தடவையா ஒருத்தங்க என் வேலையைப் பாராட்டினாங்க.

ஆனா அப்பா வாசப்பக்கமே வர்றதில்லை. யாராவது வந்தா போர்வையை இடுப்புல சுத்திக்கிறார். பை எப்ப சத்தம் போடும்னு அவருக்கே தெரியாது. போன வாரம் மெடிக்கல் ஷாப்காரர் பார்க்க வந்தப்ப பெருசா ஒரு சத்தம். அப்பா அசராம, "ஏர் பிரேக்குப்பா, பழைய வண்டி"ன்னார். ரெண்டு பேரும் சிரிச்சாங்க. அவர் போனப்புறம் அப்பா செவுத்தைப் பார்த்துத் திரும்பிப் படுத்துட்டார். சாயந்தரம் வரைக்கும் திரும்பல.

எல்லார்கிட்டயும் அவர் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். இதை எப்பத் திரும்பி உள்ள வெச்சுத் தைப்பாங்க?

புகாரைப் படிச்சேன். வொர்க்ஷாப்ல வேலை ஜாஸ்தி. பார்க்கறேன்.

தம்பி

மார்ச் 21

தம்பிக்கு,

"பார்க்கறேன்" என்பதற்கு நம் வீட்டில் என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். நானும் அந்த வீட்டில்தான் வளர்ந்தேன்.

ஆபரேஷனுக்கு முந்தைய நாள் ஞாபகம் இருக்கிறதா? மயக்க மருந்து டாக்டர் அப்பாவின் கட்டிலருகே நின்று கேட்டார்: "வேற ஏதாவது மாத்திரை எடுக்கறாரா? மூச்சுக்கு, மூட்டு வலிக்கு, கடையில தானா வாங்கினது?" நீ வாயைத் திறப்பதற்குள் என் அட்டவணையை எடுத்துக் கொடுத்தேன். பதினோரு மாத்திரை, பெயர், அளவு, வேளை, தொடங்கிய தேதி. "எல்லாம் இதுல இருக்கு, டாக்டர்" என்றேன். அவர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, "எல்லா வீட்டுலயும் இப்படி ஒருத்தர் இருந்தா எங்க வேலை பாதி குறைஞ்சிடும்" என்றார். அப்படித் தயாராகப் போன குடும்பத்துக்கு "சில சமயம் இப்படி ஆகும்" என்று பதில் சொன்னால் எனக்குக் கோபம் வராதா?

இரண்டு விஷயம். ஒன்று, கேஸ் ஷீட்டின் நகல் வேண்டும். கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும். வாங்கி அனுப்பு.

இரண்டு, குடலைத் திரும்ப இணைக்கும் ஆபரேஷனை அங்கே செய்ய வேண்டாம். இங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மே 5ஆம் தேதிக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். அப்பாவின் கோப்பையும் தயார் செய்துவிட்டேன். மேலே அதே அட்டவணை. அடுத்த மாதம் அனுப்பிவிடுவேன். அப்பாவுக்குப் பயண ஏற்பாட்டை நீ பார்.

அக்கா

மார்ச் 29

அக்காவுக்கு,

வேற ஆஸ்பத்திரி வேண்டாம். இங்கயே செய்யலாம். அந்த சர்ஜன் நல்லவர்.

புகார்ல நான் கையெழுத்துப் போடமாட்டேன். கேஸ் ஷீட் வாங்க நேரம் இல்லை.

அந்த அட்டவணையை யாருக்கும் அனுப்பாதே.

தம்பி

ஏப்ரல் 4

தம்பிக்கு,

நல்லவரா? அவர் நல்லவரா கெட்டவரா என்று நான் கேட்கவே இல்லையே. அவர் தைத்தது ஏன் பிரிந்தது என்று கேட்டேன்.

உன்னிடம் எனக்கு எப்போதும் இதுதான் எரிச்சல். யார் சட்டையில் பேனா குத்தியிருக்கிறதோ அவரிடம் நீ பேசமாட்டாய். உன் பத்தாம் வகுப்பு விடைத்தாளில் கூட்டல் தப்பாக இருந்தபோதும் வாயைத் திறக்கவில்லை. நான் போய் நின்றேன். அம்மா போன பிறகு வீட்டுப் பத்திரத்துக்கு அலைந்ததும் நான். இப்போது அப்பாவின் வயிற்றுக்கும் நானே போராட வேண்டும், நீ பக்கத்தில் நின்று "பரவாயில்லை விடு" என்பாய். ஒரு கையெழுத்து. அதுவும் கோடு போட்ட இடத்தில்.

அட்டவணையை அனுப்பாதே என்கிறாய். ஏன் என்று ஒரு வரி எழுத முடியவில்லை. நான் செய்கிற ஒரு வேலையாவது உனக்கு உறுத்தாமல் இருந்திருக்கிறதா?

கோப்பு 18ஆம் தேதி போகும். நீ ஒத்துழைத்தாலும் இல்லாவிட்டாலும்.

அக்கா

ஏப்ரல் 12

அக்காவுக்கு,

இதை நாலு தடவை எழுதிக் கிழிச்சுட்டேன். இது அஞ்சாவது. உக்காந்து படி.

அப்பா அந்த சின்ன வெள்ளை மாத்திரையை நிறுத்தவே இல்லை. ஸ்டீராய்டு. ரெண்டு வருஷமா தினமும் காலையில ஒண்ணு. வாங்கிக் கொடுத்தது நான்.

நீ ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி லீவுல வந்தப்ப கப்போர்டுல அதைப் பார்த்தே. மூச்சிரைப்புக்குப் பத்து நாளைக்குன்னு டாக்டர் எழுதினதை எட்டு மாசமா முழுங்கறீங்களான்னு ஒரு மணி நேரம் கத்தினே. "முகம் வீங்கியிருக்கு பாருங்க, எலும்பு அரிச்சுப்போகும்"னு சொல்லி அட்டையோட குப்பையில போட்டே. நீ சொன்னது சரிதான். புது அட்டவணை அடிச்சு கதவுல ஒட்டிட்டு அன்னிக்கே கிளம்பிட்டே.

அடுத்த நாலு நாள் என்ன நடந்துச்சுன்னு உனக்குத் தெரியாது. அப்பாவால எழுந்து நிக்க முடியல. தலை சுத்தல், வாந்தி. பாத்ரூம் போற வழியில செவுத்தைப் பிடிச்சுட்டு உக்காந்துட்டார். மூச்சு வேற இழுக்குது. "அந்த வெள்ளையைக் குடுறா, செத்துடுவேன்"ன்னார். நான் ஓடிப்போய் வாங்கிட்டு வந்தேன். ஒரு மணி நேரத்துல எழுந்து உக்காந்தார். அப்புறம் சொன்ன முதல் வார்த்தை, "செக்கிங்குக்குத் தெரியவேண்டாம்."

செக்கிங்னா நீதான். உனக்குத் தெரியாதுன்னு நினைக்கறேன். அப்பா பஸ் ஓட்டின காலத்துல நடுவழியில ஏறி டிக்கெட் கேப்பாங்களே, அந்த செக்கிங். நீ வர்றேன்னு போன் வந்தாலே, "செக்கிங் வருது, எல்லாரும் டிக்கெட்டை எடுத்து வெச்சுக்கங்க"ம்பார். நானும் சிரிப்பேன். சிரிச்சுட்டு அந்த அட்டையை எடுத்து வொர்க்ஷாப்புக்குக் கொண்டுபோய் காயில் டப்பாவுக்குள்ள வெப்பேன்.

நீ எழுதியிருந்தே, நான் வாயைத் திறக்கறதுக்குள்ளன்னு. நான் நிஜமாவே வாயைத் திறந்தேன் அக்கா. அந்த டாக்டர் கேட்டதும் சொல்லத்தான் போனேன். அதுக்குள்ள நீ தாளை நீட்டிட்டே. அவர் உன்னைப் புகழ்ந்தார். உன் முகம் எப்படி இருந்துச்சு தெரியுமா? அப்பா ஃபேனைப் பார்த்துட்டிருந்தார். நான் வாயை மூடிட்டேன். இது என் தப்புதான், உன் தலையில கட்டல. நீ வெளியில போனதும் ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். ஒரு மாத்திரைதானேன்னு விட்டுட்டேன்.

என்கிட்ட மோட்டார் கொண்டு வர்றவங்க எல்லாரும் சொல்ற பொய் ஒண்ணு இருக்கு. "அரை மணி நேரம்தான் ஓட்டினேன், தானா நின்னுடுச்சு"ம்பாங்க. மூடியைத் திறந்தா வார்னிஷ் கருகின நாத்தம் மூக்கைத் துளைக்கும். மனசுக்குள்ள திட்டுவேன், உண்மையைச் சொன்னா எனக்கு வேலை சுலபமாச்சேன்னு. அன்னிக்கு அந்தக் கட்டில்கிட்ட நான் அந்தக் கஸ்டமரா நின்னேன்.

ரெண்டாவது ஆபரேஷனுக்கு அப்புறம் பிரஷர் ஏறவே இல்லை. என்ன மருந்து ஏத்தியும் ஏறல. அப்ப சர்ஜன் வெளிய வந்து, "இவர் ஸ்டீராய்டு ஏதாவது சாப்பிட்டாரா? தோல் காகிதமா இருக்கு, கையெல்லாம் ஊதா ஊதாவா இருக்கு, மறைக்காம சொல்லுங்க"ன்னார். சொல்லிட்டேன். உடனே ஊசி போட்டாங்க. சாயந்தரமே பிரஷர் ஏறிடுச்சு. அதைத் திடீர்னு நிறுத்தினா உடம்பு தாங்காதாம். அன்னிக்கு நாலு நாள் அப்பா விழுந்து கிடந்ததும் அதனாலதானாம்.

நீ அன்னிக்கு சாயந்தரம் வந்து சேர்ந்தே. அதுக்கு முன்னாடி நான் சர்ஜன் கையைப் பிடிச்சுக் கெஞ்சினேன், அக்காகிட்ட மட்டும் சொல்லாதீங்கன்னு. "கேஸ் ஷீட்ல எழுதியாச்சு, அதை மாத்த முடியாது. உங்க வீட்டுல யார் யார்கிட்ட சொல்றதுங்கறது உங்க விஷயம்"னார். அப்புறம் நீ வராந்தாவுல மடக்கிக் கேட்டப்ப, சில சமயம் இப்படி ஆகும்னார். என்னைக் காப்பாத்தறதுக்குத்தான் அப்படிச் சொன்னார். அவர் மேல நான் எப்படிப் புகார் கொடுப்பேன்?

அந்த மாத்திரையாலதான் தையல் விட்டுச்சான்னு கேட்டேன். "அதுதான்னு சொல்ல முடியாது, அதுவும் ஒரு காரணமா இருக்கலாம். ஆனா தெரிஞ்சிருந்தா அன்னிக்கே பை போட்டுட்டு, அப்புறம் மெதுவா இணைச்சிருப்பேன்"னார்.

இப்ப அதே அட்டவணையை நீ புது ஆஸ்பத்திரிக்கு அனுப்பப் போறே. அதனாலதான் எழுதறேன். இல்லன்னா எழுதியிருக்கமாட்டேன், அதையும் சொல்லிடறேன்.

தம்பி

ஏப்ரல் 30

தம்பிக்கு,

உன் கடிதம் 16ஆம் தேதி கிடைத்தது. கோப்பை அனுப்பவில்லை. மே 5ஐ ரத்து செய்துவிட்டேன். இதைச் சொல்ல இரண்டு வாரம் ஆனது. அதற்கு விளக்கம் கேட்காதே.

முதலில் கணக்குப்படி ஒன்று சொல்கிறேன். ஒரு காரணி இருப்பதால் ஆயிரம் பேரில் இத்தனை பேருக்கு அதிகம் கசியும் என்று சொல்லலாம். இந்த ஒரு மனிதருக்கு அதனால்தான் கசிந்தது என்று சொல்ல முடியாது. இருபது வருடமாக இதைக் கரும்பலகையில் எழுதி, புரியாத பிள்ளைகளைத் திட்டியிருக்கிறேன். சர்ஜன் சொன்னது சரி. அவர் மேல் பாய்ந்தபோது இந்தப் பாடம் எனக்கு மறந்துபோயிருந்தது.

இனி, கணக்கில் வராதது. என் கம்ப்யூட்டரில் அட்டவணையின் பழைய பிரதிகள் எல்லாம் இருக்கின்றன. ஆறாவது பிரதியில் பன்னிரண்டு வரி. ஏழாவதில் பதினொன்று. பன்னிரண்டாவது வரியை அழித்த தேதியும் நேரமும் கூட அதில் பதிவாகியிருக்கிறது. மாத்திரையை நிறுத்திவிட்டதாக இரண்டு வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். தாளில் ஒரு வரியைத்தான் நிறுத்தியிருக்கிறேன். அப்பா சாப்பிடுகிறாரா என்று ஒரு முறை கூடக் கேட்கவில்லை. அட்டவணையைப் பார்த்தேன், அதில் இல்லை, அவ்வளவுதான். திடீரென்று நிறுத்தக்கூடாது என்று ஒரு டாக்டரைக் கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பார். கேட்கத் தோன்றவில்லை. எனக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

உன் மேல் கோபம் தீர்ந்துவிட்டதாக நினைக்காதே. தீரவில்லை. ஒன்பது நாள் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் சர்ஜனைத் திட்டியதையெல்லாம் கேட்டுக்கொண்டு, டம்ளரில் டீ ஊற்றிக் கொடுத்தாயே. அப்பா மேலும் கோபம். எழுபத்தொரு வயது மனிதர் மகளுக்குப் பயந்து டாக்டரிடம் பொய் சொல்வாரா? சொல்வார் போலிருக்கிறது. அந்தப் பயத்தை உண்டாக்கியது யார் என்று யோசித்தால் கோபம் சுற்றிச் சுற்றி என்னிடமே வந்து நிற்கிறது. எரிச்சலாக இருக்கிறது.

செக்கிங் என்ற பெயர் எனக்குத் தெரியாது. நன்றாகத்தான் வைத்திருக்கிறார்.

கதவில் இருக்கிற அட்டவணையைக் கிழித்துவிடு. சர்ஜனிடம் போய், அடுத்த ஆபரேஷனுக்கு முன் எல்லா விவரமும் புதிதாகக் கேட்டு எழுதிக்கொள்ளச் சொல். நீ சொல்லாதே. நானும் சொல்லமாட்டேன். அப்பாவைக் கேட்கச் சொல்.

இந்தத் தாளைத் திருப்பிப் பார்த்தால் புகார்க் கடிதம் இருக்கும். நிறையப் பிரதி எடுத்துவிட்டேன். பின்பக்கம் வீணாகவேண்டாம் என்று இதிலேயே எழுதுகிறேன்.

அக்கா

மே 24

அக்காவுக்கு,

நேத்து போனோம். பை மாத்தக் கத்துக்கொடுத்தாங்களே, அதே நர்ஸ்தான் படிவத்தோட வந்தாங்க. என்னைப் பார்த்து, "நீங்க வெளிய இருங்க"ன்னாங்க. கதவைச் சாத்திட்டாங்க. முக்கால் மணி நேரம். உள்ள ரெண்டு தடவை சிரிப்புச் சத்தம் கேட்டுச்சு.

நகல் இத்தோட வெச்சிருக்கேன். அப்பா கையெழுத்து, பஸ்ஸுல டிரிப் ஷீட் எழுதற மாதிரி சாய்ஞ்சு சாய்ஞ்சு இருக்கும். நிதானமாப் படி. மாத்திரை பதிமூணு. பன்னெண்டாவது உனக்குத் தெரியும். பதிமூணாவது எனக்கே தெரியாது அக்கா, தூக்கத்துக்காம், பழைய டிரைவர் ஒருத்தர் கொடுப்பாராம். அதுக்குக் கீழ பாரு. "புகை: நாளைக்கு ரெண்டு."

ஆறு வருஷம்! மொட்டை மாடியில தண்ணி டேங்க் பின்னாடி. நான் கீழ உக்காந்து அவருக்காக உன்கிட்ட ஒளிச்சிட்டிருந்தேன், அவர் மேல போய் என்கிட்ட ஒளிச்சிட்டிருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்துல ஆட்டோவுல டிரைவர் பக்கத்துல ஏறிட்டேன். அப்பா பின்னாடி உக்காந்து ரோட்டைப் பார்த்துட்டு வந்தார். ரொம்ப நாளைக்கப்புறம் போர்வை இல்லாம வெளிய வந்திருக்கார்.

சர்ஜன் எல்லாத்தையும் படிச்சுட்டு, ஆபரேஷனைத் தள்ளி வெச்சுட்டார். அக்டோபருக்கு முன்னாடி முடியாதாம். அந்த வெள்ளை மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமா குறைக்கணும், மூச்சுக்கு இன்ஹேலர் பழகணும், சிகரெட்டை முழுசா விடணும், ரத்தத்துல புரதம் ஏறணும். அது வரைக்கும் பைதான். அப்பா முகம் சுருங்கிடுச்சு. "இப்பவே செஞ்சா என்னாகும்?"னு கேட்டார். "போன தடவை ஆனது ஆகலாம். ஆகாமலும் போகலாம். இந்தத் தடவை எனக்குத் தெரிஞ்சே செய்யமாட்டேன்"னார்.

கிளம்பும்போது நர்ஸ் கேட்டாங்க, "ஏன் தாத்தா, இதையெல்லாம் போன தடவை சொல்லியிருக்கலாமே, யாரும் கேக்கலையா?"ன்னு. அப்பா சொன்னதை அப்படியே எழுதறேன், கோவிச்சுக்காதே.

"கேட்டாங்கம்மா. பதில் சொல்ல என் பொண்ணு இருந்தா."

தம்பி

ஜூன் 1

தம்பிக்கு,

படிவம் வந்தது. மூன்று முறை படித்தேன். சிவப்புப் பேனாவை எடுக்கவில்லை.

அக்டோபர் வரை அவரால் பொறுக்க முடியுமா என்று தெரியவில்லை. இரண்டாவது முறை தையல் நிற்குமா என்றும் தெரியாது. எல்லாக் காரணியையும் சரிசெய்தாலும் நூற்றில் சிலருக்குக் கசியும். இந்த முறை அந்தச் சிலரில் ஒருவராக அவர் இருந்துவிட்டால், நான் யாரிடமும் புகார் எழுதமாட்டேன். எழுதமாட்டேன் என்று நினைக்கிறேன்.

ஜூன் 14 காலை வண்டியில் வருகிறேன். அப்பாவிடம் இன்றே சொல்லிவிடு. தேதி சொல்லிவிட்டு வந்தால் அது செக்கிங் இல்லையே. மாடிக்குப் போகமாட்டேன். கப்போர்டைத் திறக்கமாட்டேன். உன் காயில் டப்பாவையும்தான். படிவத்தின் கீழே குறித்திருக்கிறபடி 16ஆம் தேதி சர்ஜனைப் பார்க்கப் போகும்போது நானும் வருவேன், அந்த வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். அப்பா கூப்பிட்டால் உள்ளே வருகிறேன். கூப்பிடாவிட்டால் உனக்கும் சேர்த்து டீ வாங்கி வைக்கிறேன்.

நாளைக்கு இரண்டு என்று எழுதியிருக்கிறார். எனக்கென்னவோ அது நான்காக இருக்கும் என்று தோன்றுகிறது. நான் கேட்கப்போவதில்லை. அந்த நர்ஸைக் கேட்கச் சொல். கதவைச் சாத்திக்கொண்டு.

அக்கா